இரைச்சலில் கிடைத்த காப்புரிமை

இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளக்க, 1970களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஒரு சிரமமான வழியைக் கையாண்டார்கள். நோயாளியின் நாளத்தில் பச்சைச் சாயத்தைச் செலுத்துவார்கள். பிறகு தமனியிலிருந்து இரத்தத்தை எடுத்து, சாயம் எவ்வளவு வேகமாக நீர்த்துப்போகிறது என்று பார்ப்பார்கள். தமனியிலிருந்து இரத்தம் எடுக்காமல், காது மடல் வழியே ஒளியைச் செலுத்தி இதையே செய்ய முடியாதா என்று முயன்றார் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டகுவோ அவோயாகி.

ஒளி காதைக் கடந்து வந்தது, சாயத்தின் வரைகோடும் கிடைத்தது. ஆனால் கோடு வழவழப்பாக இல்லை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அதன்மேல் ஒரு சிறு மேடு எழுந்து கணக்கைக் கெடுத்தது. துடிப்பின்போது தமனியில் இரத்தம் கூடுவதால் ஒளி கொஞ்சம் அதிகமாக உறிஞ்சப்படுகிறது, மேட்டுக்குக் காரணம் அதுதான். சாயம் உறிஞ்சாத அகச்சிவப்பு ஒளியையும் உடன் செலுத்தி, இரண்டையும் வகுத்து, மேடுகளை அடித்துவிடலாம் என்று அவர் கருதினார். அது பலித்தது. ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது மட்டும் இந்த நீக்கல் ஒத்துவரவில்லை, மேடுகள் மறுபடி தலைகாட்டின. அங்கேதான் அவர் நின்று யோசித்தார். நீக்கல் தவறுவதற்கு ஆக்சிஜன்தான் காரணம் என்றால், தவறும் அளவைக் கொண்டே ஆக்சிஜனை அளந்துவிடலாமே!

1974 மார்ச் 29 அன்று நிஹோன் கோடன் இதற்கு ஜப்பானில் காப்புரிமை விண்ணப்பம் இட்டது. அவோயாகியோடு மிச்சியோ கிஷியும் கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிடப்பட்டார். கொரோனா காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டரின் மூலம் அதுதான்.

ஒளியை வைத்து எதையாவது அளக்கும் சென்சார் ஒன்றை உருவாக்கியவர் எவரும் கேட்கும் முதல் கேள்வி, ‘இதற்குக் காப்புரிமை கிடைக்குமா?’ என்பது. பதில் சொல்ல முனைபவர்கள் பெரும்பாலும் கருவி எவ்வளவு துல்லியமானது, எவ்வளவு பயனுள்ளது என்று பார்க்கிறார்கள். காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் அங்கிருந்து தொடங்குவதில்லை. விண்ணப்பம் இட்ட நாளுக்கு முந்தைய நாள்வரை உலகுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்பதே அவருடைய முதல் கேள்வி. அவோயாகியின் விண்ணப்பத்தை இந்தக் கேள்வியோடு அணுகினால், மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பது தெளிவாகப் புரியும்.

அவருக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். ஜெர்மனியின் கார்ல் மத்தெஸ் 1935லேயே காதில் இரண்டு அலைநீள ஒளிகளைச் செலுத்தி ஆக்சிஜன் செறிவை அளக்கும் கருவியைச் செய்துவிட்டார். அமெரிக்காவின் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930களின் பிற்பகுதியில், தோலைக் கடந்துவரும் ஒளி துடிப்புக்கேற்ப ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயரே பறக்கும் விமானிகள் மயங்கி விழுவதைத் தடுக்க கிளென் மில்லிகன் இலகுவான காதுக் கருவியை உருவாக்கினார். ஆக்சிமீட்டர் என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே. 1940களின் இறுதியில் ஏர்ல் வுட் அதைச் செப்பனிட்டார். காது மடலைக் காற்றுப்பையால் அழுத்தி இரத்தத்தை வெளியேற்றி ஒரு முறை அளப்பார், அழுத்தத்தை விட்டு இன்னொரு முறை அளப்பார், வித்தியாசம்தான் இரத்தத்தின் பங்கு. எட்டு அலைநீளங்களைப் பயன்படுத்தும் காதுக் கருவி ஒன்று 1960களில் உருவானது, 1970களில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் அதைக் காதைச் சூடாக்கி அளக்கும் பெரிய கருவியாகக் கொண்டுவந்தது.

ஆக ஒளி, காது, இரண்டு அலைநீளங்கள், ஒளியுணரி, துடிப்பைப் பதியும் முறை எல்லாமே பழையவை. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அதிகமாகவும் உறிஞ்சும் என்பது, அகச்சிவப்பில் நிலைமை தலைகீழாகும் என்பது, பாட நூல் செய்தி. அப்படியானால் மிச்சம் என்ன?

மிச்சம் ஒரே ஒரு செயல்தான். விரலையோ காதையோ கடந்துவரும் ஒளியில் பெரும்பகுதி மாறாமல் இருக்கும். தோல், எலும்பு, தசை, சிரை இரத்தம் எல்லாம் சேர்ந்து விழுங்கியது போக வெளிவருவது அது. துடிப்போடு மாறும் பகுதி பொதுவாகச் சில சதவீதமே. அந்தச் சிறு பகுதி மட்டுமே தமனி இரத்தத்திலிருந்து வருகிறது. சிவப்பு ஒளியில் மாறும் பகுதியை மாறாப் பகுதியால் வகுக்க வேண்டும், அகச்சிவப்பிலும் அவ்வாறே செய்ய வேண்டும், பின் இரண்டு விடைகளின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். தோலின் தடிமனும் விளக்கின் பிரகாசமும் பெரும்பாலும் கணக்கிலிருந்து கழன்றுவிடும். இன்றைய கருவிகளில் 660 நானோமீட்டர், 940 நானோமீட்டர் ஒளிகளை வைத்துக் கணக்கிட்டால், விகிதம் 1 என வரும்போது ஆக்சிஜன் செறிவு ஏறத்தாழ 85 சதவீதம். காதை அழுத்தவும் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம்.

இதைப் புதுமைச் சோதனையில் வைத்துப் பார்ப்போம். புதுமை என்பதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் குறுகிய, கறாரான பொருள் உண்டு. கோரப்படும் கண்டுபிடிப்பின் எல்லா உறுப்புகளும் ஒரே பழைய ஆவணத்தில் சேர்ந்து இருந்தால்தான் புதுமை அடிபடும். மத்தெஸின் கட்டுரையில் இரண்டு அலைநீளம் உண்டு, துடிப்பைப் பிரித்தெடுப்பது இல்லை. ஹெர்ட்ஸ்மனிடம் துடிப்பு உண்டு, ஆக்சிஜன் கணக்கு இல்லை. எனவே அவோயாகி இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார். பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்தப் படியைத் தாண்டிவிடும், ஏனென்றால் எதையாவது ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தாலே போதும்.

கடினமான படி அடுத்தது. அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா? இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 2(1)(ஜெஏ) இதை இரண்டாகக் கேட்கிறது. முன்பிருந்த அறிவோடு ஒப்பிடுகையில் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அதோடு, துறை அறிந்தவருக்கு அது எளிதில் புலப்படாததாகவும் இருக்க வேண்டும். இங்கே ஆய்வாளர் இரண்டு மூன்று பழைய ஆவணங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். மத்தெஸின் இரண்டு அலைநீளத்தையும் ஹெர்ட்ஸ்மனின் துடிப்புப் பதிவையும் ஒட்டவைத்தால் அவோயாகி வந்துவிடுகிறாரே என்று சொல்லலாம்.

அப்படிச் சொல்வது நியாயமா என்பதில்தான் மதிப்பீட்டின் உயிர் இருக்கிறது. விடை தெரிந்தபின் எல்லாப் புதிரும் சுலபம். அதனால் துறை அறிந்த அந்தக் கற்பனை மனிதரை 1974 மார்ச் மாதத்தில் நிறுத்தி, அவர் மேசையில் அன்றைய நூல்களை மட்டும் வைக்க வேண்டும். அவர் என்ன செய்திருப்பார்? வுட்டைப் படித்துவிட்டு இன்னும் நல்ல காற்றுப்பையைச் செய்திருப்பார். எட்டு அலைநீளக் கருவியைப் பார்த்துவிட்டு அலைநீளங்களைக் கூட்டியிருப்பார். காதைச் சீராகச் சூடாக்க வழி தேடியிருப்பார். துடிப்பு இவர்கள் எவருக்கும் அளவையின் அடிப்படையாகத் தோன்றவில்லை. மத்தெஸுக்கும் அவோயாகிக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். ஹெர்ட்ஸ்மனின் பதிவு எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தது. தேவையும் இருந்தது, கருவிகளும் இருந்தன, இருந்தும் எவரும் இரண்டையும் சேர்க்கவில்லை. துறையே ஒரு திசையில் நடந்துகொண்டிருக்கும்போது எதிர்த் திசையில் திரும்பி விடை கண்டவருக்கு, இந்த இரண்டாம் படியைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சென்சார் வழக்கு இருக்கிறது. காரின் முடுக்கி மிதியின் நிலையை மின்னணு முறையில் அறியும் சென்சாரை, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய மிதியோடு இணைத்ததற்கு டெலிஃபிளெக்ஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. கே.எஸ்.ஆர். என்ற போட்டி நிறுவனத்தோடு நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் அந்த உரிமைக் கோரல் செல்லாது என்றது. நகரும் மிதி பழையது, சென்சாரும் பழையது. கார் தொழில் மின்னணுக் கட்டுப்பாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், மிதியின் அசையாத அச்சில் சென்சாரைப் பொருத்துவது எந்தச் சாதாரணப் பொறியாளருக்கும் தோன்றும். பழைய பொருள்கள் சேர்ந்து, எதிர்பார்த்த விளைவையே தந்தன. அவோயாகியிடமும் பழைய பொருள்கள்தான் சேர்ந்தன, ஆனால் விளைவு எதிர்பாராதது. ஒரு ஒளிச் சென்சாரை மதிப்பிடுபவர் இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்து, தன் கருவி எதற்கு அருகில் நிற்கிறது என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

அவோயாகிக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்றும் உண்டு, அதை மறைப்பது முறையாகாது. மினோல்டா நிறுவனத்தின் மசாய்ச்சிரோ கோனிஷியும் அகியோ யமனிஷியும் ஏறத்தாழ அதே கருத்துக்குத் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய ஜப்பானிய விண்ணப்பம் 1974 ஏப்ரல் 24 தேதியிட்டது. ஒரு மாதத்துக்குள் இரண்டு குழுக்களுக்குத் தோன்றியது எப்படி எளிதில் தோன்றாததாகும்? அமெரிக்க நீதிமன்றங்கள் இத்தகைய உடனிகழ்வை ஒரு சான்றாக எடைபோடுவது உண்டு. ஆனால் நாற்பது ஆண்டு மௌனத்துக்கு எதிரே அந்தச் சான்று இலேசானது. ஜப்பானில் முந்தி விண்ணப்பித்தவருக்கே உரிமை என்பதால் நிஹோன் கோடனுக்கு 1979இல் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அது ஜப்பானுக்குள் மட்டும். காப்புரிமை எல்லை தாண்டாது. ஒரு நாட்டில் விண்ணப்பித்த 12 மாதங்களுக்குள் மற்ற நாடுகளிலும் விண்ணப்பித்தால், பாரிஸ் ஒப்பந்தப்படி முதல் தேதியையே அங்கும் முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். நிஹோன் கோடன் அமெரிக்காவில் விண்ணப்பிக்கவில்லை, மினோல்டா விண்ணப்பித்தது. 1976 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை மினோல்டாவின் கைக்குப் போனது. பிறகு அமெரிக்காவின் பயாக்ஸ், நெல்கோர் நிறுவனங்கள் எல்.இ.டி. விளக்குகளையும் சிறு கணினிச் சில்லுகளையும் சேர்த்து, 1980களில் பல்ஸ் ஆக்சிமீட்டரை அறுவை அரங்குகளுக்குள் கொண்டுசென்றன. ஒரு வெளிநாட்டு விண்ணப்பத்தைத் தவிர்த்ததற்கு நிஹோன் கோடன் கொடுத்த விலை மிகப் பெரிது.

இதே சென்சார் இன்று கிண்டியிலுள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில் அது பிரிவு 3இன் வழியே போக வேண்டும். எவையெல்லாம் கண்டுபிடிப்பே ஆகா என்று பட்டியலிடும் பிரிவு இது, ஒளிச் சென்சார்கள் இதில் இடறக்கூடும். ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் விதம் அறிவியல் உண்மை, அதைக் கண்டறிந்ததற்காக மட்டும் உரிமை கோர முடியாது. விகிதக் கணக்கு தனியே நின்றால் கணித முறை, அதுவும் ஆகாது. தனித்தனியே தம் பழைய வேலையைச் செய்யும் தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்கிவைத்தாலும் ஆகாது. ஆனால் ஒளிமூலம், உணரி, துடிப்பைப் பிரிக்கும் சுற்று, விகிதத்தைச் செறிவாக மாற்றும் பகுதி எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து இயங்கி, புறவுலகில் ஒரு பொருளை அளக்கும்போது அது கருவி. கருவிக்கு இந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

மனிதருக்கான நோய் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்ற தடை, மருத்துவ ஒளிச் சென்சார்களைத் தனியே தொடுகிறது. ‘நோயாளியின் விரலில் ஒளி செலுத்தி இன்ன நோயைக் கண்டறியும் முறை’ என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். ‘இன்ன பாகங்களைக் கொண்ட அளவீட்டுக் கருவி’ என்று எழுதினால் நகரும். இந்தத் தடை எதுவரை நீளும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல், கருவிலுள்ள குழந்தையின் மரபுப் பொருளைத் தாயின் இரத்தத்தில் ஆராயும் முறை பற்றிய ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. கோரப்படும் முறையே நேராக நோயை வெளிக்கொணரப் போதுமானதா என்று பார்க்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. சென்சார் செய்பவர்கள் படித்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

இதிலிருந்து தெரிவது, மதிப்பிடப்படுவது மேசைமேல் இருக்கும் கருவியைவிட, காகிதத்தில் எழுதப்பட்ட உரிமைக் கோரலையே. அந்தச் சில வரிகள் நிலப் பத்திரத்தில் எல்லை குறிப்பதைப் போன்றவை. அகலமாக எழுதினால் பழைய ஆவணம் ஏதாவது உள்ளே சிக்கிக் கோரல் செத்துவிடும், குறுக்கி எழுதினால் போட்டியாளர் ஓரமாக நடந்து போய்விடுவார். ஆப்பிளுக்கும் மருத்துவக் கருவி நிறுவனமான மாசிமோவுக்கும் இடையே நடந்த வழக்கில் இரண்டும் ஒருசேரத் தெரிந்தன. மாசிமோவின் உரிமைக் கோரல்களில் எல்.இ.டி. தொகுதிகள், பல ஒளியுணர் டையோடுகள், தோலை நோக்கிப் புடைத்த வளைபரப்பு, அதில் ஒளி புகும் துளைகள் என்று உறுப்புகள் நுணுக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு காப்புரிமைகளை ஆப்பிள் கைக்கடிகாரம் மீறியதாக அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 2023 அக்டோபரில் முடிவு செய்து, இரத்த ஆக்சிஜனை அளக்கும் வசதியுள்ள கடிகாரங்களின் இறக்குமதியைத் தடுத்தது. 2024 ஜனவரியில் ஆப்பிள் அமெரிக்காவில் விற்கும் புதிய கடிகாரங்களில் இரத்த ஆக்சிஜன் வசதியை முடக்கிவிட்டு விற்றது. அதே மாசிமோவின் வேறு பல சென்சார் காப்புரிமைகளின் கோரல்களை, பழைய கருவிகளைச் சேர்த்தால் எவருக்கும் தோன்றக் கூடியவை என்று சொல்லி, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் தகுதியற்றவை ஆக்கியது. ஒரே நிறுவனம், ஒரே வகைச் சென்சார். எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பதுதான் வித்தியாசம்.

இந்தத் துறையில் புதிதாகக் கண்டுபிடிக்க இனி என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில், தமனி இரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையர்களில் 3.6 சதவீதத்தில். தோலின் நிறமி ஒளியை விழுங்குவதால் வரும் பிழை கணக்கிலிருந்து முழுமையாகக் கழன்றுவிடவில்லை. கருநிறத் தோலுள்ள மக்கள் நிறைந்த நம் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சிக் கேள்வி குறைவு.

தீர்வு காண்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘எல்லாத் தோல் நிறங்களிலும் சரியாக அளக்கும் சென்சார்’ என்று கோர முடியாது. அது ஆசை, கண்டுபிடிப்பு ஆகாது. மூன்றாவதாக எந்த அலைநீளம், உணரியை ஒளிமூலத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது, திருத்தம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று, துறை அறிந்த இன்னொருவர் படித்துவிட்டுச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுத வேண்டும். சட்டத்தின் பிரிவு 10 கேட்பது அதைத்தான். 20 ஆண்டு உரிமைக்கு ஈடாகச் சமூகம் பெற்றுக்கொள்வது அந்த விளக்கத்தை. பழைய நூல்கள் தோல் நிறப் பிழையைச் சரிசெய்ய வேறொரு திசையைக் காட்டியிருந்து, உங்கள் வழி அதிலிருந்து விலகி நல்ல விளைவைத் தந்தால், அந்தச் சோதனை எண்களை விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். எளிதில் தோன்றாதது என்று வாதிட அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை.

பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் ஒளிச் சென்சார்களைச் செய்கிறார்கள். பாலில் கலப்படம், குடிநீரில் கலங்கல், நெல்லில் ஈரம், இரத்தத்தில் சர்க்கரை என்று எத்தனையோ. அவர்களில் பலர் முதலில் கண்காட்சியில் வைக்கிறார்கள், காணொளி போடுகிறார்கள், கருத்தரங்கில் வாசிக்கிறார்கள், பிறகுதான் காப்புரிமையைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதற்குள் அவர்களுடைய சொந்தக் காணொளியே அவர்களுக்கு எதிரான பழைய ஆவணமாகிவிடுகிறது. இந்தியச் சட்டத்தின் பிரிவு 31, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கும் அரசு அறிவித்த கண்காட்சிக்கும் 12 மாத விலக்குத் தருகிறது. யூடியூபுக்குத் தருவதில்லை. ஐரோப்பாவில் கல்விக் கட்டுரைக்கும் விலக்கு இல்லை. அவோயாகி இதில் கவனமாக இருந்தார். விண்ணப்பம் மார்ச் இறுதியில், ஜப்பானிய மருத்துவ மின்னணுவியல் சங்க மாநாட்டில் உரை அதற்குப் பிறகு ஏப்ரலில்.

எனவே சென்சார் செய்திருக்கும் மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் செய்ய வேண்டியது இது. பேசுவதற்கு முன் தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளமும், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டும், கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். உங்கள் கருவிக்கு மிக நெருக்கமான மூன்று பழைய ஆவணங்களை எடுத்து, உங்களுடையதில் மட்டும் இருப்பது எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பியுங்கள். முழு விவரத்தைத் தர 12 மாதம் அவகாசம் உண்டு, தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அந்த ரசீது கைக்கு வந்தபின் கண்காட்சிக்குப் போங்கள்.